நீதிமன்றப் படிகளும் மாற்றுத்திறனாளிகளும்

கிராம அபிவிருத்தி என்றவுடன் சாலை, கிணறு, பள்ளிக்கூடம், விதை, உரம் ஆகியவையே முதலில் நம் நினைவுக்கு வருகின்றன. இந்த வரிசையில் நீதிமன்றத்திற்கு இடமில்லை என்றே பலரும் கருதுவர். ஆயினும் நிலத்தை நம்பி வாழும் குடும்பம் எதுவாயினும், தலைமுறைக்கு ஒரு முறையேனும் பாகப்பிரிவினை, வரப்புத் தகராறு, பட்டா மாறுதல், விபத்து இழப்பீடு, ஜீவனாம்சம் என்று ஏதேனும் ஒரு காரியமாக நீதிமன்றத்தின் படியேற நேரிடுகிறது. அவ்வாறு ஏற வேண்டியவர் காலால் இயலாதவராகவோ, கண் பார்வையற்றவராகவோ, காது கேளாதவராகவோ இருப்பின் அவர் நிலை யாது? இதனை நம் பஞ்சாயத்து உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிந்து வைத்திருத்தல் அவசியம். அறியாமையால் ஒருவர் இழப்பது ஒரு நாள் கூலியை மட்டுமன்று. சில சமயங்களில் பாட்டன் வழி வந்த நிலத்தையே அவர் இழந்துவிடுகிறார்.

திருவண்ணாமலை நகரின் தென்மேற்கே, செங்கம் சாலையில் அமைந்துள்ள ரமணாசிரமப் பகுதியை எடுத்துக்கொள்வோம். மலையைச் சுற்றிச் செல்லும் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை இதன் வழியே செல்கிறது. சுற்றிலும் அத்தியந்தல், அடி அண்ணாமலை போன்ற ஊர்கள் உள்ளன. இங்கே ஏர் பிடிப்போரும், கறவை மாடு வளர்ப்போரும், கடை வைத்திருப்போரும், வெளியூர்களிலிருந்து வந்து தங்கிவிட்ட முதியோரும், குடும்பத்தைத் துறந்த சாதுக்களும் கலந்து வாழ்கின்றனர். 1989-ஆம் ஆண்டில் திருவண்ணாமலை தனி மாவட்டமான பின், மாவட்ட நீதிமன்றமும் மாவட்ட ஆட்சியர் அலுவலகமும் இந்நகரிலேயே இயங்கி வருகின்றன. தூரம் என்னவோ குறைவுதான். ஆனால் மாற்றுத்திறனாளி ஒருவருக்குத் தூரம் என்பது கிலோமீட்டரில் அளக்கப்படுவதன்று. பேருந்தின் உயரமான படியும், நீதிமன்றத்தின் மாடிப்படியும், கதவின் அகலமும், கழிப்பறையின் வாசலுமே அவருக்குத் தூரத்தை நிர்ணயிக்கின்றன.

2011-ஆம் ஆண்டின் மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 11,79,963 பேர் மாற்றுத்திறனாளிகளாகப் பதிவாயினர். போலியோ நோய் அற்ற நாடு என்று இந்தியா 2014-இல் சான்று பெற்றது. எனினும் அதற்கு முன் அந்நோயால் கால் சூம்பியவர்கள் இன்று நடுத்தர வயதில், குடும்பப் பொறுப்பு ஏற்று வாழ்கின்றனர். கதிரடிக்கும் இயந்திரத்தில் கையை இழந்தவர், தென்னையிலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர், நீரிழிவினால் காலோ கண்ணோ போனவர் ஆகியோரும் நம் ஊர்களில் உள்ளனர். ஆகவே இது எங்கோ இருக்கும் சிலரைப் பற்றிய பேச்சன்று.

இழப்பு எவ்வாறு நேர்கிறது?

எடுத்துக்காட்டாக ஒரு நிலைமையை நினைத்துப் பார்ப்போம். இரண்டு ஏக்கர் நிலமுள்ள ஒருவருக்கு இரு கால்களும் செயலற்றுவிட்டன. பங்காளி தொடுத்த வழக்கில் அவருக்குச் சம்மன் வருகிறது. விசாரணை நடக்கும் அறை மாடியில் இருக்கிறது. முதல் வாய்தாவுக்கு மகன் தூக்கிச் செல்கிறான். இரண்டாவது வாய்தாவுக்கு மகனுக்கு வேலை. மூன்றாவது வாய்தாவுக்கு மோட்டார் வண்டிக்குக் கொடுக்கப் பணமில்லை. வக்கீலிடமும் சொல்லவில்லை. அழைத்தபோது ஆளில்லாமையால் அவர் தோன்றவில்லை என்று குறிக்கப்பட்டு, ஒருதலைத் தீர்ப்பு வழங்கப்பட்டுவிடுகிறது. நீதிபதிக்கு அவர் வராத காரணம் தெரியாது. அவருக்கோ காரணத்தை எங்கே, எப்படிச் சொல்வது என்று தெரியாது. இவ்விரு அறியாமைகளுக்கு நடுவே நிலம் கைமாறிவிடுகிறது.

ஒருதலைத் தீர்ப்பு வந்துவிட்டாலும் எல்லாம் முடிந்துவிட்டதாகக் கருத வேண்டியதில்லை. தக்க காரணத்தால் வர இயலவில்லை என்று காட்டி, அத்தீர்ப்பை நீக்கக் கோரும் மனுவை 30 நாட்களுக்குள் தாக்கல் செய்யலாம். ஆயினும் வந்தபின் பரிகாரம் தேடுவதைவிட வருமுன் காத்துக்கொள்வதே மேல். அதற்குச் சட்டத்தில் என்ன வழியுள்ளது என்பதைப் பார்ப்போம்.

சட்டம் வளர்ந்த வரலாறு

பண்டைய இந்து சட்ட மரபில் பிறவிக் குருடர், செவிடர் போன்றோர்க்குச் சொத்துரிமையே மறுக்கப்பட்டிருந்தது. 1928-இல் இயற்றப்பட்ட சட்டம் ஒன்று இத்தடைகளில் பெரும்பாலானவற்றை நீக்கியது. 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 28-ஆவது பிரிவு, நோய், குறைபாடு, உடல் ஊனம் ஆகிய எக்காரணத்தாலும் வாரிசுரிமையை மறுக்கலாகாது என்று விதித்தது. இவ்வாறு உரிமை ஏட்டில் ஏறியது. ஆனால் உரிமையை நிலைநாட்டும் இடம் நீதிமன்றமாயிற்றே! அங்கே நுழைய இயலாதவருக்கு ஏட்டிலுள்ள உரிமையால் பயன் யாது?

இக்கேள்விக்கு விடையாக வந்ததே மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம், 2016. ஐக்கிய நாடுகள் சபை 2006-இல் ஏற்ற உடன்படிக்கையை இந்தியா 2007-இல் உறுதி செய்தது. அதன் தொடர்ச்சியாக இயற்றப்பட்ட இச்சட்டம் 2017 ஏப்ரல் 19-ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது. முந்தைய 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகளே இடம்பெற்றிருந்தன. இதில் 21 வகைகள் உள்ளன. தொழுநோயிலிருந்து குணமானோர், அறிவுசார் குறைபாடுடையோர், மனநோயுற்றோர், அமில வீச்சுக்கு ஆளானோர் ஆகிய யாவரும் இதில் அடங்குவர்.

இச்சட்டத்தின் 12-ஆவது பிரிவை நம் பஞ்சாயத்து உறுப்பினர் ஒவ்வொருவரும் மனத்தில் இருத்த வேண்டும். நீதிமன்றம், தீர்ப்பாயம், ஆணையம் ஆகியவற்றையும், நீதி வழங்கும் அதிகாரமோ புலனாய்வு அதிகாரமோ உடைய பிற அமைப்புகளையும் மாற்றுத்திறனாளிகள் வேறுபாடின்றி அணுகுவதை அரசு உறுதி செய்ய வேண்டும் என்று அது கூறுகிறது. எனவே பட்டா குறித்துத் தாசில்தார் நடத்தும் விசாரணை, அதன்மீது கோட்டாட்சியர் கேட்கும் மேல்முறையீடு, முதியோர் பராமரிப்பு குறித்த தீர்ப்பாயம், காவல் நிலைய விசாரணை ஆகியவற்றிற்கும் இப்பிரிவைக் காட்டி வசதி கோரலாம். பொது ஆவணங்கள் மாற்றுத்திறனாளிகள் அறியக்கூடிய வடிவில் இருத்தல் வேண்டும் என்பதும், அவர்கள் விரும்பும் மொழியிலும் முறையிலும் வாக்குமூலம் பதிவு செய்யத் தேவையான கருவிகள் அளிக்கப்பட வேண்டும் என்பதும் இப்பிரிவிலேயே அடங்கியுள்ளன.

இச்சட்டம் கூறும் மற்றொரு கருத்து 'நியாயமான ஏற்பாடு' என்பதாகும். மாற்றுத்திறனாளி ஒருவர் பிறரைப்போல் தம் உரிமையை அனுபவிக்கும் பொருட்டு, அளவுக்கு மீறிய சுமை ஏற்படாத வகையில் செய்து கொடுக்கும் தக்க மாறுதலே அது. அதற்குப் பெருஞ்செலவு ஆகும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. மாடியில் நடக்க வேண்டிய விசாரணையைக் கீழ்த்தளத்து அறையில் நடத்துவதற்குச் செலவு ஏது? பட்டியலில் பத்தாவதாக உள்ள வழக்கை முதலில் அழைப்பதற்குச் செலவு ஏது? நின்றுகொண்டு சாட்சி சொல்ல இயலாதவருக்கு ஒரு நாற்காலி போடுவதற்கு எவருடைய உத்தரவு வேண்டும்? கேட்டால் கிடைக்கக்கூடிய பல வசதிகள், கேட்கப்படாமையாலேயே கிடைக்காமற் போகின்றன.

சாட்சியைத் தேடிச் செல்லும் நீதிமன்றம்

நீதிமன்றத்திற்குச் சாட்சிதான் போக வேண்டும், சாட்சியிடம் நீதிமன்றம் வராது என்பது நம்மிடையே நிலவும் ஒரு தவறான எண்ணம். 1908-ஆம் ஆண்டின் உரிமையியல் நடைமுறைச் சட்டத்திலேயே, நோயினாலோ உடல் தளர்ச்சியினாலோ வர இயலாத சாட்சியை அவர் இருக்குமிடத்தில் விசாரிக்க ஆணையர் ஒருவரை நியமிக்கலாம் என்று 26-ஆவது ஆணை வகை செய்கிறது. இதற்கு ரமணாசிரமமே சான்றாக விளங்குகிறது. 1936-ஆம் ஆண்டில் ஆசிரமத்தின்மீது தொடுக்கப்பட்டிருந்த ஒரு வழக்கில், ரமண மகரிஷி ஆசிரமத்திலிருந்தபடியே ஆணையர் மூலம் சாட்சியம் அளித்தார். அவர் அப்போது உடல் ஊனமுற்றவராக இருந்தார் என்பதன்று நாம் கூறுவது. நீதி தான் இருக்கும் மாளிகையை விட்டு எழுந்து, செங்கம் சாலை வரை வந்து, ஒருவர் சொல்வதைக் கேட்டு எழுதிக்கொண்டு திரும்பும் வழி அக்காலத்திலேயே இருந்தது என்பதுதான் கருத்து. பெயர் பெற்ற பெரியவருக்கு இருந்த அவ்வழி, அத்தியந்தலில் படுத்த படுக்கையாயிருக்கும் ஒரு விவசாயிக்கும் இன்று திறந்தே இருக்கிறது. அவர் சார்பில் ஒரு மனு எழுதப்பட வேண்டும், அவ்வளவே.

பத்திரப் பதிவிலும் இவ்வாறே. 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டம் 38-ஆவது பிரிவின்படி, உடல் இயலாமையால் ஆபத்தோ பெருஞ்சிரமமோ இன்றிப் பதிவு அலுவலகத்திற்கு வர முடியாதவர் அங்கு நேரில் தோன்ற வேண்டியதில்லை. பதிவு அலுவலர் அவர் வீட்டிற்குச் சென்று விசாரிக்கலாம். அல்லது ஆணையர் ஒருவரை அனுப்பலாம். முதியவர்களைக் கட்டிலோடு வண்டியில் ஏற்றிச் சார்பதிவாளர் அலுவலகத்து வாசலில் காத்துக்கிடக்கும் குடும்பத்தினர் இதனை அறிதல் நன்று.

குற்ற வழக்குகளில், 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதீய நாகரிக சுரக்ஷா சன்ஹிதாவின் 179-ஆவது பிரிவு, உடல் அல்லது மனக் குறைபாடுடைய சாட்சியைத் தாம் வசிக்கும் இடத்தைத் தவிர வேறு எங்கும் வருமாறு காவல் அலுவலர் கட்டாயப்படுத்தலாகாது என்கிறது. மின்னணு வழியிலும் விசாரணை நடத்தலாம் என்று இச்சட்டத்தின் 530-ஆவது பிரிவு அனுமதிக்கிறது. எனவே காணொலி மூலம் சாட்சியம் அளிக்க அனுமதி கோருவதும் ஒரு வழியாகும்.

கட்டடத்தில் இருக்க வேண்டியவை

விதி சட்டக் கொள்கை மையம் என்னும் நிறுவனம் 2019-இல் நாடெங்கும் 665 மாவட்ட நீதிமன்ற வளாகங்களை ஆராய்ந்தது. அவற்றுள் 27 விழுக்காட்டில் மட்டுமே சாய்தளமோ மின்தூக்கியோ இருந்தது. மாற்றுத்திறனாளிகளுக்கு ஏற்ற கழிப்பறை 11 விழுக்காட்டில் இருந்தது. பார்வையற்றோர்க்கான வசதிகளோ 2 விழுக்காட்டில்தான் இருந்தன.

2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, விதிகள் அறிவிக்கப்பட்டதிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்குள் பழைய பொதுக் கட்டடங்கள் யாவும் எளிதில் அணுகத்தக்கனவாக மாற்றப்பட வேண்டும். விதிகள் 2017 ஜூனில் அறிவிக்கப்பட்டன. ஆகவே அக்கெடு 2022 ஜூனில் முடிந்துவிட்டது. பார்வைக் குறைபாடுடைய ராஜீவ் ரதூரி என்பவர் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2024 நவம்பர் 8-ஆம் நாள் தீர்ப்பளித்தது. அணுகல் குறித்த விதிகள் வெறும் பரிந்துரைகளாக இருத்தல் போதாது, கட்டாயமான குறைந்தபட்ச அளவுகள் வகுக்கப்பட வேண்டும் என்று அது கூறிற்று.

சாய்தளம் என்ற பெயரில் செங்குத்தாக ஒரு சிமெண்டுச் சரிவைக் கட்டிவிட்டுத் திருப்தி அடைவதை நாம் பல இடங்களில் காண்கிறோம். அதில் சக்கர நாற்காலி ஏறாது. ஏறினாலும் இறங்கும்போது கவிழ்ந்துவிடும். ஓர் அடி உயரத்திற்குக் குறைந்தது 12 அடி நீளம் இருக்க வேண்டும். இரண்டரை அடி உயரமுள்ள திண்ணைக்கு 30 அடி நீளம் தேவை. அகலம் நான்கு அடியும், இருபுறமும் கைப்பிடியும், மேலும் கீழும் திரும்புவதற்கு ஐந்து அடிச் சமதளமும் வேண்டும். வாசற்கதவு திறந்த நிலையில் மூன்று அடி இடைவெளி தர வேண்டும். இந்த அளவுகள் நீதிமன்றத்திற்கு மட்டுமன்றி, நம் பஞ்சாயத்து அலுவலகத்திற்கும், நியாயவிலைக் கடைக்கும், பள்ளிக்கூடத்திற்கும் பொருந்தும்.

'ஆட்கள் சேர்ந்து தூக்கிச் சென்றால் போயிற்று; இதற்கு ஏன் இவ்வளவு?' என்று கேட்போர் உண்டு. இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு விடை தருகிறது. டென்னசி மாநிலத்தில் ஜார்ஜ் லேன் என்பவர் சக்கர நாற்காலியில் வாழ்ந்தவர். மின்தூக்கி இல்லாத நீதிமன்றத்தின் மாடிக்கு அவர் ஒருமுறை படிகளில் தவழ்ந்தே ஏறினார். மறுமுறை தவழவும் மறுத்தார். பிறர் தூக்கிச் செல்லவும் உடன்படவில்லை. விசாரணைக்கு வரவில்லை என்ற குற்றத்திற்காக, அதே கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருந்த அவர் கைது செய்யப்பட்டார். அவர் தொடுத்த வழக்கில், மாநில அரசின்மீது இழப்பீடு கோர அவருக்கு உரிமை உண்டு என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2004-இல் தீர்ப்புக் கூறியது. மூட்டையைப்போல் தூக்கிச் செல்லப்படும் மனிதர், எதிர்த்தரப்பினர் பார்த்து நிற்க, எவ்வாறு தலை நிமிர்ந்து தம் வழக்கைச் சொல்வார்? வழக்காடுவதற்கு வேண்டிய தைரியம் வாசற்படியிலேயே போய்விடுகிறதல்லவா?

கேளாதோரும் காணாதோரும் கூறும் சாட்சியம்

வாய் பேச இயலாதவரின் சாட்சியம் செல்லாது என்று ஊரில் சொல்வார்கள். இது முற்றிலும் தவறு. பாரதீய சாக்ஷ்ய அதிநியத்தின் 125-ஆவது பிரிவின்படி, பேச இயலாதவர் எழுதியோ சைகையாலோ நீதிமன்றத்தில் சாட்சியம் அளிக்கலாம்; அது வாய்மொழிச் சாட்சியமாகவே கருதப்படும். வாய்மொழியாகத் தெரிவிக்க இயலாதவரின் வாக்குமூலத்தை மொழிபெயர்ப்பாளர் அல்லது சிறப்பாசிரியர் உதவியுடன் பதிவு செய்து, அதனை ஒளிப்பதிவும் செய்தல் வேண்டும்.

பார்வையற்றவர் ஒருவரைக் குரலைக் கொண்டு அடையாளம் காட்டினால் அது ஏற்கத்தக்கதா? 2021 ஏப்ரலில் ஆந்திர மாநிலத்து வழக்கொன்றில், பார்வையற்ற பெண் தம்மைத் துன்புறுத்தியவனைக் குரலால் அடையாளம் காட்டியதை உச்ச நீதிமன்றம் ஏற்றது. மாற்றுத்திறனாளியின் சாட்சியம் பிறருடைய சாட்சியத்தைவிடத் தாழ்ந்ததாகக் கருதப்படலாகாது என்றும் தெளிவுபடுத்தியது. மேலும் 2022 ஜனவரியில் அந்நீதிமன்றம், எளிதில் பாதிக்கப்படக்கூடிய சாட்சிகள் என்ற வகையில் மாற்றுத்திறனாளிகளையும் சேர்த்து, அவர்கள் அச்சமின்றிச் சாட்சியம் அளிப்பதற்கான தனி மையங்கள் அமைக்கப்பட வேண்டும் என்று கட்டளையிட்டது.

துணை நிற்பவர் யார்?

இங்கே நம் கிராமங்களுக்கு மிக முக்கியமான ஒரு செய்தியைக் கூற வேண்டும். பள்ளி சென்று சைகை மொழி பயிலாத காது கேளாதவர் பலர், வீட்டாருக்கு மட்டுமே விளங்கும் சைகைகளால் பேசுகின்றனர். ஆகவே அவர்களுக்காகப் பேசுபவர் பெரும்பாலும் அண்ணனோ தம்பியோதான். வழக்கு வேறு எவருடனாவது என்றால் இதில் தவறில்லை. பாகப்பிரிவினை என்றால் என்ன செய்வது? தங்கையின் பங்கைத் தானே எடுத்துக்கொள்ள விரும்பும் அண்ணன், அவள் சம்மதம் தருகிறாள் என்று மொழிபெயர்த்தால் அது நம்பத்தக்கதாகுமா? அவளிடம் விடுதலைப் பத்திரத்தில் கைரேகை பெற்றுவிட்டு, 'கடைசி வரை நாங்கள்தானே சோறு போடப் போகிறோம்' என்று நியாயம் பேசுவதும் நம் ஊர்களில் காணப்படாத செய்தியன்று.

சட்டம் இதனை முன்கூட்டியே எண்ணிப் பார்த்துள்ளது. மாற்றுத்திறனாளிகள் சொத்தை உடைமையாகக் கொள்ளவும் பெறவும் பிறரைப்போல் உரிமையுடையோர் என்று 13-ஆவது பிரிவு கூறுகிறது. துணை நிற்பவருக்கும் மாற்றுத்திறனாளிக்கும் ஒரு சொத்து விவகாரத்தில் நலன்கள் முரண்படுமாயின், அந்த விவகாரத்தில் துணை நிற்பதிலிருந்து அவர் விலகிக்கொள்ள வேண்டும் என்றும் அது விதிக்கிறது. உறவினர் என்ற ஒரே காரணத்தால் முரண்பாடு இருப்பதாக முடிவு கட்டலாகாது என்றும் அப்பிரிவே சொல்கிறது. உண்மை அன்புடன் உதவும் உறவினரைச் சட்டம் சந்தேகிக்கவில்லை. பங்குக்குப் போட்டியிடுபவரையே விலகச் சொல்கிறது. இத்தகைய சமயத்தில் சிறப்பாசிரியர் ஒருவரையோ, பயிற்சி பெற்ற சைகை மொழிபெயர்ப்பாளரையோ நியமிக்கும்படி நீதிமன்றத்தைக் கேட்க வேண்டும்.

குடும்பமின்றி வாழ்வோர்

ரமணாசிரமப் பகுதியிலும் கிரிவலப் பாதையிலும் குடும்பத் தொடர்பின்றி வாழும் முதியோரும் சாதுக்களும் பலர். அவர்களுள் பார்வை மங்கியோரும், நடக்க இயலாதோரும், தொழுநோயிலிருந்து குணமானோரும் இருத்தல் கூடும். விபத்தில் அடிபட்டாலும், சேமித்த சிறு தொகை பறிபோனாலும், அவர்களுக்காகப் புகார் எழுத ஆளில்லை. குடும்பத்திற்கு வெளியே வாழும் மாற்றுத்திறனாளிகள் தம் சட்ட உரிமைகளைப் பயன்படுத்த அரசு தக்க துணை ஏற்பாடுகளைச் செய்ய வேண்டும் என்று 12-ஆவது பிரிவு தனியே குறிப்பிடுகிறது. ஊர் பேர் தெரியாதவர் என்று இவர்களை ஒதுக்கிவிடாமல், இவ்வசதி கிடைக்க வழிகாட்டுதல் அக்கம்பக்கத்துப் பஞ்சாயத்துகளின் கடமையாகும்.

இவ்வூருக்கே உரிய மற்றொரு சிரமமும் உண்டு. பௌர்ணமி நாட்களிலும் கார்த்திகைத் தீப நாட்களிலும் பெருந்திரள் கூடுவதால் வாகனங்கள் திருப்பி விடப்படுகின்றன. ஆரோக்கியமானவர் இறங்கி நடந்துவிடலாம். மூன்று சக்கர வண்டியில் வருபவர் என் செய்வார்? வாய்தா தேதி குறிக்கப்படும்போதே நாட்காட்டியைப் பார்த்து, வேறு நாள் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்வது நலம்.

மனு எழுதும் முறை

வசதி கோரும் மனுவில் ஐந்து செய்திகள் இருந்தால் போதும். முதலாவது, வழக்கின் எண்ணும் மனுதாரர் பெயரும், அவர் வாதியா, பிரதிவாதியா, சாட்சியா என்பதும். இரண்டாவது, குறைபாட்டின் தன்மை. அடையாள அட்டையின் நகலை இணைத்தல் வேண்டும். மூன்றாவது, அதனால் எது இயலாது என்பது. 'மாடிப்படி ஏற இயலாது', 'ஒரு மணி நேரத்திற்கு மேல் உட்கார இயலாது' என்பதுபோல் தெளிவாக எழுத வேண்டும். நான்காவது, எந்த வசதி வேண்டும் என்பது. கீழ்த்தள விசாரணை, முதலில் அழைத்தல், மொழிபெயர்ப்பாளர், ஆவணத்தைப் படித்துக் காட்டுதல், ஆணையர் மூலம் விசாரணை, காணொலி ஆகியவற்றுள் தேவையானதை மட்டும் குறிப்பிடல் வேண்டும். ஐந்தாவது, 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி இது கோரப்படுகிறது என்பது. இம்மனுவை விசாரணை நாளன்று காலையில் நீட்டாமல், முந்தைய வாய்தாவிலோ அல்லது சில நாட்களுக்கு முன்போ தாக்கல் செய்ய வேண்டும். நீதிமன்றத்திற்கும் ஏற்பாடு செய்ய அவகாசம் வேண்டுமல்லவா?

வக்கீல் வைக்க வசதியில்லையே என்று தயங்க வேண்டாம். 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவு, மாற்றுத்திறனாளிகளுக்கு வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவி பெறும் தகுதியை அளிக்கிறது. மாவட்ட நீதிபதியைத் தலைவராகக் கொண்ட மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகினால், வழக்கறிஞர் ஒருவர் நியமிக்கப்படுவார். 15100 என்ற தொலைபேசி எண்ணிலும் வழிகாட்டுதல் பெறலாம்.

பஞ்சாயத்துகள் செய்யத்தக்கவை

நீதிமன்றம் நம் ஆளுகைக்கு உட்பட்டதன்று. அதன் நடவடிக்கைகளில் பஞ்சாயத்து தலையிடவும் கூடாது. ஆயினும் நாம் செய்யத்தக்கன பல உள்ளன.

முதலாவதாக, ஊரிலுள்ள மாற்றுத்திறனாளிகளின் பெயர், குறைபாட்டின் வகை, அடையாள அட்டை உண்டா என்ற விவரங்களை அறிந்து வைத்திருத்தல் வேண்டும். அட்டை இல்லாதோர்க்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தின் மூலம் அது கிடைக்க உதவ வேண்டும். இரண்டாவதாக, ஆண்டுக்கு ஒரு கிராம சபையிலேனும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவினரை அழைத்து இவ்விஷயங்களை விளக்கச் செய்யலாம். மூன்றாவதாக, வட்டாட்சியர் அலுவலகம், காவல் நிலையம், நீதிமன்ற வளாகம் ஆகியவற்றில் ஊர் மக்கள் கண்ட குறைகளைக் கிராம சபைத் தீர்மானமாக எழுதி மாவட்ட ஆட்சியருக்கும் சட்டப் பணிகள் ஆணைக்குழுவிற்கும் அனுப்பலாம். 'வசதி இல்லை' என்று பொதுவாக எழுதாமல், எந்த வாசலில் எத்தனை படிகள், கைப்பிடி உண்டா, கழிப்பறைக் கதவின் அகலம் எவ்வளவு என்று அளந்து எழுதினால் பலன் விரைவில் கிட்டும். நான்காவதாக, கிராம சபை கூடும் இடம் எல்லோரும் வந்து அமரத்தக்கதாக இருக்கிறதா என்று நாமே பார்த்துக்கொள்ள வேண்டும். பிறர் வாசலில் சாய்தளம் கேட்பவர் தம் வாசலில் அதனைக் கட்டியிருக்க வேண்டுமல்லவா?

தமிழ்நாடு சட்டமன்றம் 2025-இல் நிறைவேற்றிய திருத்தத்தால், மாற்றுத்திறனாளிகள் ஊராட்சிகளில் நியமன உறுப்பினர்களாக அமர வழி பிறந்துள்ளது. அவ்வாறு அமருவோர் இப்பணிக்குத் தலைமை தாங்குதல் மிகப் பொருத்தம். படியின் உயரத்தை அவர்களைவிட நன்கறிந்தவர் யார்?

நீதிபதி பதவியையும் இனி மாற்றுத்திறனாளிகளுக்கு எட்டாததென்று எண்ண வேண்டியதில்லை. பார்வைக் குறைபாடு என்ற காரணத்தால் மட்டும் ஒருவரை நீதித்துறைப் பணியிலிருந்து விலக்கலாகாது என்று உச்ச நீதிமன்றம் 2025 மார்ச்சில் தீர்ப்பளித்தது. நம் ஊர்ப் பள்ளியில் பயிலும் பார்வையற்ற மாணவி ஒருத்தி நாளை நீதிபதியின் ஆசனத்தில் அமரக்கூடும். அவளுடைய தந்தை இன்று சாட்சிக் கூண்டை எட்ட முடியாமல் நிலத்தை இழக்கலாகாது. அடுத்த கிராம சபையில் இப்பொருளைப் பேச எடுத்துக்கொள்ளுமாறு பஞ்சாயத்து உறுப்பினர்களைக் கேட்டுக்கொள்கிறோம்.

கலந்தாய்வுக்குரிய வினாக்கள்

1. நம் ஊரில் நீதிமன்றத்திலோ வட்டாட்சியர் அலுவலகத்திலோ விவகாரமுள்ள மாற்றுத்திறனாளிகள் எத்தனை பேர்? அவர்களுள் இலவசச் சட்ட உதவி பெற்றவர் உண்டா?

2. கடந்த சில ஆண்டுகளில் காது கேளாதவரோ அறிவுசார் குறைபாடுடையவரோ விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்ததுண்டா? அப்போது அவருக்காகப் பேசியவர் யார்?

3. படுத்த படுக்கையாயுள்ள ஒருவர் சாட்சி சொல்ல வேண்டுமாயின், நாம் எந்த வழியைக் கூறுவோம்?

4. நம் பஞ்சாயத்து அலுவலகத்தின் திண்ணை எத்தனை அடி உயரம்? அதற்கு எத்தனை அடிச் சாய்தளம் தேவை? இப்போது இருப்பது எவ்வளவு?